கோழி குஞ்சு பொரித்த சேதியையும் சொல்லுங்கள்



போன மாதம் பந்திங் பக்கம் ஒரு கருமாதிக்குப் போயிருந்தோம். பந்தியில் ஒரு வாலிபன் ஓடி ஓடிப் பரிமாறிக்கொண்டிருந்தான். நம் இலைக்கு ரசம் ஊற்ற வந்தபோது, "தம்பி யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டோம். அப்பா பேரைச் சொன்னான். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் நம் சொந்தச் சித்தப்பா மகனின் பிள்ளை! நம்மைப் பெரியப்பா என்று கூப்பிட வேண்டியவன். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அவனோ கிள்ளான் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிவிட்டதாம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார்: "யாராச்சும் செத்தாத்தான்யா நாம ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கிறோம்."

அந்த வார்த்தை வீடு வந்து சேரும்வரை குத்திக்கொண்டே இருந்தது. கல்யாணத்துக்குப் பத்திரிகை, சாவுக்குப் போன். இடைப்பட்ட வாழ்க்கைக்கு ஒரு சேதியும் கிடையாது. நம் குடும்பங்கள் எப்போதும் இப்படியா இருந்தன?

1991-ல் நாம் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம். நம் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் லயத்து வாசலில் பலகையைப் போட்டு நம்மை உட்கார வைத்துவிடுவார். அவர் சொல்லச் சொல்ல நாம் எழுத வேண்டும்.

பெரும்பாலும் அவருடைய தம்பிக்குத்தான் கடிதம். அந்தத் தாத்தா இங்கே பால் வெட்டியவர்தான். 1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969 முதல், குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்று ஆனது. பாரம் போட வேண்டிய காலத்தில் போடாமலும், போட்டும் கிடைக்காமலும் சிவப்பு அடையாளக் கார்டோடு நின்றவர்கள் எத்தனையோ பேர். ஆயிரக்கணக்கில் மூட்டை கட்டினார்கள். தாத்தாவும் 1970-ல் பினாங்கில் ராஜுலா கப்பல் ஏறினார். நாகப்பட்டினத்தில் இறங்கிப் போனவர் திரும்பி வரவே இல்லை. அக்காவும் தம்பியும் சாகும்வரை முகம் பார்க்கவில்லை. அவர்களுக்கு நடுவில் இருந்தது அந்த நீல ஏரோகிராம் கடிதம் மட்டும்தான்.

அதில் என்ன எழுதுவோம் தெரியுமா? கறுப்புக் கோழி பதினோரு முட்டையில் ஒன்பது குஞ்சு பொரித்தது. மழை விடாமல் பெய்ததால் இந்த மாதம் எட்டு நாள் பால் வெட்டு இல்லை. அம்மா பால் வாளியோடு சறுக்கி விழுந்து, ஒரு வாளிப் பாலும் கானில் போய்விட்டது. ராத்திரி லயத்துக்குள் உடும்பு புகுந்து, பேய் வந்துவிட்டது என்று எல்லோரும் விளக்குமாற்றோடு ஓடினார்கள்.

ஒருநாள் விளையாடப் போகும் அவசரத்தில், கோழியையும் உடும்பையும் விட்டுவிட்டு, 'இங்கு அனைவரும் நலம், அங்கு நலமறிய ஆவல்' என்று நாலே வரியில் முடித்துவிட்டோம். படித்துக் காட்டச் சொன்னார். படித்தோம். பாட்டிக்கு வந்ததே கோபம்!

"ஏன்டா, நலமா இருக்கோம்னு மட்டும் எழுதுனா அது ஆபீஸ் கடுதாசிடா. எந்தம்பி படிக்கிறப்ப நம்ம வீட்டு வாசல்ல வந்து நிக்கணும்டா. கோழிய எழுது!"

எழுதினோம். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'அக்கா, அந்த ஒன்பது குஞ்சில் பருந்துக்குப் போனது போக எத்தனை மிச்சம்?' என்று தாத்தா கேட்டிருந்தார். கிராணி ஆபீஸிலிருந்து கொண்டு வந்த அந்தக் கடிதத்தை நம்மை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பிஸ்கட் டின்னுக்குள் பத்திரப்படுத்தினார் பாட்டி.

பிறகு தோட்டம் மாறியது. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள். ஒரு பகுதி வீட்டு மனையானது. ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்த அண்ணன் தம்பிகள் ஒருவர் கூலிம், ஒருவர் சிகாமட், ஒருவர் கோலாலம்பூர் அடுக்குமாடி என்று சிதறிப் போனோம். கடிதம் நின்றது. போன் வந்தது.

இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறது. குடும்பத்துக்கென்று வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. விடிந்தால் பூப்போட்ட காலை வணக்கம். வெள்ளிக்கிழமை அம்மன் படம். யாரோ எங்கேயோ அனுப்பிய மருத்துவக் குறிப்பு. நாற்பது பேர் இருக்கும் குழுவில் ஒருவராவது, "இன்னிக்கு எங்க வீட்ல என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று தொடங்குகிறார்களா? பாட்டி சொன்ன ஆபீஸ் கடுதாசியைத்தான் நாம் தினம் தினம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இதெல்லாம் பாச விஷயம், சங்கக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. கேளுங்கள்.

ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அக்கா. விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பெரட்டுக்கு மோட்டாரில் போகும்போது, குறுக்கே காட்டுப் பன்றி பாய்ந்தது. விழுந்தார். கை எலும்பு முறிந்தது. மண்டோரிடம் சொன்னதற்கு, "நீ வேலைக்காட்டுல விழலியே, வர்ற வழியில விழுந்ததுக்கு ஒண்ணும் கிடைக்காது" என்று சொல்லிவிட்டார். அக்காவும் நம்பிவிட்டார். வேலைக்குப் போகாத நாட்களில் வீட்டுச் செலவுக்குத் தோடு அடகுக்கடைக்குப் போனது. பிள்ளைகளிடம் மூச்சு விடவில்லை.

ஆனால் ஒருநாள், ஜொகூர் பாருவில் தொழிற்சாலை வேலை செய்யும் அண்ணன் மகளிடம் போனில் பேசும்போது, பன்றிக் கதையை மட்டும் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். "அது ஒரு பக்கம் ஓட, நான் ஒரு பக்கம் பறக்க, மோட்டாரு கண்ணாடி எங்க போச்சுன்னே தெரியல!" இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். சிரித்து முடித்ததும் அந்தப் பெண் கேட்டாள்: "ஆமா அத்தே, உனக்கு அடி படலியா?"

அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் உண்மை வெளியே வந்தது. மறுநாளே அந்தப் பெண் நமக்குப் போன் போட்டாள்.

தோழர்களே, இதை நன்றாக மனதில் வையுங்கள். 1969-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பி வரும் வழியிலும் நடக்கும் விபத்துக்குச் சொக்சோ பாதுகாப்பு உண்டு. வழியில் சொந்தக் காரியத்துக்காக வேறு பக்கம் திரும்பியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். விபத்துத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். டாக்டர் கொடுத்த எம்.சி. நாலு நாளுக்குக் குறையாமல் இருந்தால், சம்பளம் கிடைக்காத நாட்களுக்குத் தினச் சராசரிச் சம்பளக் கணக்கில் நூற்றுக்கு 80 பங்கு கிடைக்கும்.

அக்காவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் திரட்டி, போலீஸ் ரிப்போர்ட் எடுத்து, அலைந்து திரிந்து மனுப் போட்டோம். தாமதமானதால் கேள்விகள் அதிகம். ஆனாலும் பணம் வந்தது. தோடு திரும்பியது. பன்றிக் கதையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால்?

"நம்ம கஷ்டத்தச் சொல்லி புள்ளைங்கள ஏன் சங்கடப்படுத்தணும்?" என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. கஷ்டத்தைச் சொல்லுங்கள் என்று நாம் முதலில் கேட்கவில்லை. கோழியைச் சொல்லுங்கள். பன்றியைச் சொல்லுங்கள். பஸ்ஸைத் தவறவிட்டு நடந்து வந்ததைச் சொல்லுங்கள். தினம் சின்னச் சின்னச் சேதி போய் வந்துகொண்டிருந்தால்தான், பெரிய சேதி வரும் நாளில் அதைச் சொல்ல வாய் வரும். ஆறு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்குக் கை ஒடிஞ்சு போச்சு" என்று யாரால் தொடங்க முடியும்?

"சொன்னா ஊரெல்லாம் பரப்பிடுவாங்க" என்பார்கள் சிலர். அதுவும் நியாயம்தான். அடுத்த வீட்டுச் சங்கதி நமக்கு வேண்டாம். நம் வீட்டுச் சேதியை நாமே சொல்வோம். கேட்டதை நாலு பேரிடம் கொண்டுபோகாமல் நம்மோடு வைத்துக்கொள்வோம்.

ஆகவே, வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தூரத்தில் இருக்கும் ஓர் உறவுக்குப் போன் போடுங்கள். பேசத் தெரிந்த பாட்டியிடம் போனைக் கொடுத்துக் குரலைப் பதிந்து அனுப்புங்கள். தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை உட்கார வைத்து, சித்தப்பாவுக்கு நாலு வரி எழுதச் சொல்லுங்கள். பிள்ளைக்குத் தமிழும் வரும், சித்தப்பா யார் என்பதும் தெரியும். எதிர்ப் பக்கத்தில் ஒருவர் கதை சொன்னால் சிரிப்பதோடு விட்டுவிடாதீர்கள். அந்தப் பெண் கேட்டாளே, அதுபோல இன்னொரு கேள்வி கேளுங்கள்.

பந்திங்கில் ரசம் ஊற்றிய அந்தப் பிள்ளையின் நம்பரை வாங்கி வந்திருக்கிறோம். போன ஞாயிறு போன் போட்டோம். "என்ன பெரியப்பா, யாருக்காச்சும் உடம்பு சரியில்லியா?" என்று பதறிப்போய்க் கேட்டான். "இல்லப்பா, நம்ம வீட்டுப் பூனை மூணு குட்டி போட்டிருக்கு, அதச் சொல்லத்தான்" என்றோம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டான்:

"என்ன கலரு பெரியப்பா?"