வாக்கை முறித்தவர் யார்?

வங்க எழுத்தாளர் ஆஷாபூர்ணா தேவி 1964இல் வெளியிட்ட புதினம் 'பிரதம் பிரதிச்ருதி'. 'முதல் வாக்குறுதி' என்பது அதன் பொருள். அதைப் படிப்போருள் சிலர், "பெண்ணுரிமை வேண்டியதுதான், அதற்காகக் குடும்பத்தைத் துறந்து போகலாமா?" என்று கதைத்தலைவி சத்தியவதியைக் குற்றம் சாட்டுவர். இக்கூற்று ஏற்புடையதன்று.

நடந்தது யாது? சிறுமியாக இருக்கும்போதே மணம் முடிக்கப்பட்டவள் சத்தியவதி. எழுத்தைத் தானே கற்றவள். சிற்றூரிலிருந்து கல்கத்தாவுக்குக் குடும்பத்தைப் பெயர்த்துச் சென்று, மகள் சுவர்ணலதாவைப் பள்ளிக்கு அனுப்பினாள். தனக்கு நேர்ந்தது மகளுக்கு நேரக்கூடாது என்பதே அவள் உறுதி. ஆனால் மாமியார் எலோகேசி, பெற்றவளுக்குத் தெரியாமலேயே அச்சிறுமிக்குத் தாலிச்சிறை பூட்டினாள். கணவன் நவகுமாரன் அதைத் தடுத்தானில்லை. சத்தியவதி வீட்டைத் துறந்து காசிக்குப் புறப்பட்டாள். குடும்பம் அவள் வெளியேறியபோது உடையவில்லை. தாயை ஏமாற்றி மகளைக் கொடுத்தபோதே உடைந்துவிட்டது.

"தாய் போனதால் மகளன்றோ துன்புற்றாள்?" எனலாம். உண்மை, ஆசிரியர் அதை மறைக்கவில்லை. 1967இல் வந்த 'சுவர்ணலதா' அத்துன்பத்தின் வரலாறே. தாயின் பெயரால் ஏச்சுக் கேட்டவள், காற்று வர ஒரு தாழ்வாரம் கேட்டு ஏமாற்றப்பட்டவள், தான் எழுதிய நூலை வீட்டார் எள்ளி நகைத்ததால் தீயிட்டவள் சுவர்ணலதா. ஆயினும் எரிந்த எழுத்தை மீட்பதாக உறுதி பூணுகிறாள் அவள் மகள் பகுல். 1974இல் வந்த 'பகுல் கதா'வில் அவளே எழுத்தாளராக நிற்கிறாள்.

"ஆண்களைப் பழிக்கும் நூல்" என்பதும் பொருந்தாது. எலோகேசியும், சுவர்ணலதாவின் மாமியார் முக்தகேசியும் பெண்களே. ஆணின் ஆட்சிக்குப் பெண்ணையே காவல் வைக்கும் வழக்கத்தைத்தான் ஆசிரியர் சாடுகிறார். பள்ளிக்கு அனுப்பப்படாமல், அண்ணன்மார் படிக்கக் கேட்டு எழுத்தறிந்தவர் அவர். அவருக்கே இப்புதினத்திற்காக 1976ஆம் ஆண்டின் ஞானபீட விருது கிட்டியது. அவ்விருதைப் பெற்ற முதல் பெண்மணியும் அவரே.

ஆகவே, இத்தகைய கதைகளை வகுப்பில் நடத்தும் ஆசிரியர், "இதன் நீதி பொறுமை" என்று கரும்பலகையில் எழுதி முடித்துவிடலாகாது. "வாக்கை முறித்தவர் யார்?" என்று மாணவரைக் கேட்கட்டும். பொறுத்துப் போ என்று மாணவியர்க்கு மட்டும் போதிக்கும் ஆசிரியர், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே எலோகேசியின் பக்கம் நிற்கிறார்.