பெற்றோரை இழந்த குழந்தைகள்: எல்லைக்கு இப்புறம் ரூ.300, அப்புறம் ரூ.2,000 - காப்பகம் மட்டுமே தீர்வா?

பாறசாலை: கேரளத்தின் தென்கோடியில் உள்ள பாறசாலையைக் கடந்தால் தமிழ்நாட்டின் களியக்காவிளை வந்துவிடும். மலையாளமும் தமிழும் கலந்து புழங்கும் இந்த எல்லைக் கிராமங்களில் கொள்வினையும் கொடுப்பினையும் இன்றும் தொடர்கின்றன. ஆனால், தாய் தந்தையை இழந்த குழந்தைக்கு அரசு எவ்வளவு உதவும் என்பதை இந்த எல்லைக் கோடே தீர்மானிக்கிறது.

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நீடித்தது. நிர்வாகம் பிரிந்தாலும் துயரம் பிரியவில்லை. 2017ஆம் ஆண்டு ஒக்கி புயலில் திருவனந்தபுரம், கன்னியாகுமரி ஆகிய இரு மாவட்டங்களிலும் மீனவர்களின் குழந்தைகள் தந்தையை இழந்தனர்.

இரு மாநிலங்கள், இரு தொகைகள்

கேரள அரசின் 'சினேகபூர்வம்' திட்டத்தில், பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் ஏழைக் குழந்தைக்கு ஐந்தாம் வகுப்பு வரை மாதம் ரூ.300, பத்தாம் வகுப்பு வரை ரூ.500, பிளஸ் 2 வரை ரூ.750, பட்டப்படிப்புக்கு ரூ.1,000 வழங்கப்படுகிறது. தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டத்தில் 18 வயது வரை மாதம் ரூ.2,000 கிடைக்கிறது.

கொரோனா காலத்திலும் இவ்வேறுபாடு இருந்தது. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்குக் கேரளம் ரூ.3 லட்சமும், தமிழ்நாடு ரூ.5 லட்சமும் அறிவித்தன.

மாதம் ரூ.300 ஒரு குழந்தையின் பாலுக்குக்கூடப் போதாது. எனவே, முதிய பாட்டியோ கூலி வேலை செய்யும் சித்தியோ குழந்தையை அறக்கட்டளைக் காப்பகத்தில் சேர்க்க முன்வருவது பாசக் குறைவால் அல்ல. அங்கு மூன்று வேளை உணவும் பள்ளிப் படிப்பும் உறுதி என்பதே காரணம். நாட்டின் காப்பகங்களில் பெரும்பாலானவற்றைத் தன்னார்வ அமைப்புகளே நடத்துகின்றன.

சட்டம் கூறுவது என்ன?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையைக் காப்பகத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே கருதுகிறது. பராமரிப்பு தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். பதிவு பெறாமல் காப்பகம் நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, ரூ.1 லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னணி உண்டு. மாமல்லபுரம் பகுதிக் காப்பகங்களில் குழந்தைகள் சுரண்டப்பட்டதாக 2007இல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்கில், 2017 மே 5 அன்று தீர்ப்பு வந்தது. அவ்வாண்டு இறுதிக்குள் அனைத்துக் காப்பகங்களும் பதிவு பெற உத்தரவிடப்பட்டது. கட்டட வசதி, பணியாளர் எண்ணிக்கை ஆகிய நிபந்தனைகளை நிறைவேற்ற இயலாமல் கேரளத்தில் பல காப்பகங்கள் மூடப்பட்டன.

எல்லையில் இன்னொரு சிக்கலும் உள்ளது. களியக்காவிளைக் குழந்தை பாறசாலைக் காப்பகத்துக்கு வந்தால் அதன் சொந்த மாவட்டக் குழு நாகர்கோவிலிலும், காப்பகத்தின் மாவட்டக் குழு திருவனந்தபுரத்திலும் இருக்கும். வேறு மாவட்டக் குழந்தை என்று தெரிந்தால், அதன் நலன் கருதிச் சொந்த மாவட்டத்துக்கு மாற்றச் சட்டத்தின் 95ஆவது பிரிவு வழி செய்கிறது. பதிவின்றி, தெரிந்தவர் சிபாரிசில் சேர்க்கப்படும் குழந்தையோ இரு குழுக்களின் கண்ணிலும் படாமல் போகும்.

வீட்டிலேயே வளர வழி

இரு மாநிலங்களுக்கும் பொதுவான வழி ஒன்று உள்ளது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் உறவினர் வீட்டில் வளரும் தகுதியான குழந்தைக்கு மாதம் ரூ.4,000 நிதி ஆதரவு பெறலாம். குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் ரூ.72,000, பிற பகுதிகளில் ரூ.96,000 என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். ஆனால் இறப்புச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, மாவட்டக் குழுவின் ஒப்புதல் ஆகியவற்றைத் திரட்டுவது எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு எளிதல்ல.

அறக்கட்டளைகள் முதலில் செய்யக்கூடிய உதவி இதுவே. கட்டில் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, விண்ணப்பத்தை நிரப்பி, அலுவலகத்துக்கு உடன் சென்று, பணம் வரும்வரை குடும்பத்தைத் தாங்கினால் பல குழந்தைகள் சொந்த ஊரிலேயே வளர முடியும். யாருமற்ற குழந்தைகளுக்குக் காப்பகம் அவசியம்தான். அவர்களுக்கும் 18 வயதில் கதவு மூடிவிடாமல், சட்டம் அனுமதிக்கும் பிற்காப்பு உதவி கிடைக்க வேண்டும்.

ஆதரவற்ற குழந்தையைக் கண்டால் எல்லையின் எப்புறத்திலிருந்தும் 1098 என்ற எண்ணை அழைக்கலாம். அந்த எண்ணைப் போல உதவித் தொகையும் இருபுறமும் ஒன்றாக இருப்பதே நியாயம்.