ஆறாத காயங்களைக் கணக்கில் எடுப்பது யார்?

யுத்தம் 2009 இல் முடிந்தது. தீக்காயத் தழும்புகளும், செயற்கைக்கால் உரசி உரசி உண்டான புண்களும் இன்னமும் பலரது உடல்களில் இருக்கின்றன. அவற்றை நாம் வலியாக மட்டுமே பார்க்கிறோம். புற்றுநோய் அபாயமாகவும் பார்க்கவேண்டும் என்பதே என் வாதம்.

காயம் பட்டதும் நோயெதிர்ப்புக் கலங்கள் இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிச் சமிக்ஞை மூலக்கூறுகளை வெளியிடுகின்றன. கலங்கள் பெருகுகின்றன, புதிய குருதிக்குழாய்கள் உருவாகின்றன. காயம் ஆறியதும் அந்தச் சமிக்ஞை அடங்கவேண்டும். ஆண்டுக்கணக்கில் அடங்காவிட்டால், பிறழ்ந்த கலமொன்றுக்கு அதுவே உரமாகிவிடும். டிஜிஎஃப்-பீட்டா போன்ற மூலக்கூறுகளோ, கட்டியைத் தாக்கவரும் நோயெதிர்ப்புக் கலங்களையே அடக்கிவிடுகின்றன. புற்றுக்கட்டிகள் ஆறாத காயங்கள் என்று அமெரிக்க நோயியலாளர் ஹரோல்ட் டுவோராக் 1986 இலேயே எழுதினார்.

பழைய தழும்பிலும் நாட்பட்ட புண்ணிலும் தோன்றும் தோற்புற்றுநோய்க்கு ‘மார்ஜோலின் புண்’ என்று பெயர். அரிதானதுதான். ஆனால் சராசரியாக 30 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். அப்படியானால் தொண்ணூறுகளில் காயப்பட்டவர்கள் இப்போதுதான் அந்தக் காலப்பகுதிக்குள் வருகிறார்கள். இறுதி யுத்தத்தில் காயப்பட்டவர்கள் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

செயற்கைக்கால் நிலையங்களிலும் கிராமத்து வைத்தியசாலைகளிலும் இந்தப் புண்களை ஆண்டுக்கொருமுறை பார்ப்பதற்குப் பெரிய செலவில்லை. மாகாண சுகாதாரத் திணைக்களங்கள் அதை ஒரு கடமையாக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். மூன்று மாதமாகியும் ஆறாத, விளிம்பு தடித்த, தொட்டால் இரத்தம் கசிகிற புண்ணை களிம்பு பூசிக்கொண்டு வீட்டில் வைத்திருக்காதீர்கள். வைத்தியரிடம் காட்டுங்கள். சிறு துண்டெடுத்துப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். ஆரம்பத்திலேயே வெட்டியகற்றினால் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.