நாமினி வேறு, வாரிசு வேறு

பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்த தமிழ் இளைஞர் வேலையில் சேரும் நாளில் கம்பெனி ஆபீசில் நாலைந்து படிவங்களை நீட்டுகிறார்கள். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறார். "நாமினி யார்?" என்று குமாஸ்தா கேட்கிறார். வயது இருபது, மணமாகவில்லை. ரெயில் டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்து அனுப்பிய அண்ணன் பெயரைச் சொல்கிறார். எழுதியாயிற்று. அந்தக் காகிதம் பீரோவுக்குள் போகிறது. அதன் பிறகு அதை எவரும் தொடுவதில்லை.

பதினைந்து ஆண்டுகள் ஓடுகின்றன. மனைவி வருகிறாள். குழந்தைகள் பிறக்கின்றன. தாராவியிலோ அந்தோப்ஹில்லிலோ ஓர் அறை வாங்குகிறார். திடீரென்று ஒரு நாள் மாரடைப்பு. பீரோ திறக்கப்படுகிறது. உள்ளே இருப்பது அண்ணன் பெயர்!

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் குடும்பம் இரண்டாகிவிடுகிறது. "என் தம்பி எனக்குத்தானே எழுதி வைத்தான்" என்கிறார் அண்ணன். "என் பிள்ளைகளுக்கு யார் கஞ்சி ஊற்றுவது?" என்று கேட்கிறாள் விதவை. இருவரிடமும் பொய் இல்லை. இறந்தவரின் மறதிதான் இருவரையும் கோர்ட் வாசலில் நிறுத்துகிறது.

மணமானால் செல்லாது

1952-ம் ஆண்டு பி.எப். திட்டமும் 1972-ம் ஆண்டு கிராஜுவிட்டி சட்டமும் இதில் ஒரே முறையைத்தான் வகுத்தன. குடும்பம் இல்லாதவர் யாரை வேண்டுமானாலும் நாமினியாக எழுதலாம். அவருக்குக் குடும்பம் ஏற்பட்டுவிட்டால் பழைய நியமனம் செல்லாது; குடும்பத்தினர் பெயரில் புதிதாக எழுதித் தர வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் கிராஜுவிட்டி, 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழ் வந்துவிட்டது. அதிலும் இந்த விதி மாறவில்லை. மணமானவரின் அண்ணன் தம்பிகள் அந்தக் "குடும்பம்" என்ற சொல்லுக்குள் வரமாட்டார்கள்.

அப்படியானால் விதவைக்குக் கவலை இல்லையே என்று கேட்கலாம். கவலை இருக்கிறது. செல்லத்தக்க நியமனம் இல்லாதபோது, தான் மனைவி என்பதையும் குழந்தைகள் அவருடையவர்கள் என்பதையும் காகிதத்தில் காட்ட வேண்டிய பாரம் அவள் தலையில் விழுகிறது. கல்யாணம் ஊர்க் கோவிலில் நடந்திருக்கும். பதிவு செய்திருக்க மாட்டார்கள். ரேஷன் கார்டு ஓர் ஊரில், ஆதார் இன்னோர் ஊரில். மொழி தெரியாத ஆபீசில் அவள் எத்தனை முறை படியேறுவாள்?

கைநீட்டி வாங்குபவர்

நாமினி என்றாலே சொத்துக்குச் சொந்தக்காரர் என்பது பெரும்பாலோர் எண்ணம். அது தவறு. பொதுவாக நாமினி என்பவர் பணத்தைக் கைநீட்டி வாங்க உரிமை பெற்றவர். வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர். இன்சூரன்ஸ் பற்றி 1983-லும், பாங்கு டெபாசிட் பற்றி 2010-லும் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகக் கூறியது. 2009-ல் வந்த வழக்கு இன்னும் பொருத்தமானது. மணத்துக்கு முன் தாயை நாமினியாக எழுதிய ஓர் ஊழியர் அதை மாற்றாமலே இறந்துவிட்டார். நாமினி என்பதால் முழுப் பணமும் தாய்க்கே என்பதைக் கோர்ட் ஏற்கவில்லை. விதவைக்கும் பங்கு உண்டு என்றது.

இன்சூரன்சில் மட்டும் 2015-ல் திருத்தம் வந்தது. பெற்றோர், மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் ஆகியோரை நாமினியாக எழுதினால் பணம் அவர்களுக்கே சொந்தம். அண்ணன் தம்பிக்கு இந்தச் சலுகை இல்லை.

வாரிசு யார் என்பதிலும் குழப்பம் உண்டு. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியம் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சமமாகச் சேரும். மணமாகிப் போன மகளுக்கும் பங்கு உண்டு. ஊரில் இருக்கும் தாய்க்கும் பங்கு உண்டு; அதை மருமகள் மறுக்க முடியாது. தகப்பனார் இந்த முதல் வரிசையில் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

உயில் எழுதினால் ஆயுள் குறையுமா?

வளர்த்து ஆளாக்கிய அண்ணனுக்கும் தகப்பனாருக்கும் ஏதாவது செய்ய நினைப்பது நல்ல குணம். அந்த நன்றியைக் காட்ட வேண்டிய இடம் பழைய நாமினிப் படிவம் அல்ல, உயில். ஆனால் உயில் என்ற சொல்லைக் கேட்டதுமே நம்மவர்கள் "அபசகுனம்" என்று வாயைப் பொத்துகிறார்கள். இன்சூரன்ஸ் கட்டுவதால் யாரும் சாவதில்லை. உயில் எழுதினால் மட்டும் சாவு வந்துவிடுமா?

வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டியதில்லை. தமிழிலேயே எழுதலாம். எழுதுபவரின் கையெழுத்து அல்லது கைரேகை, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து ஆகியவை அவசியம். பங்கு பெறுபவரைச் சாட்சியாக வைக்காதிருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்து வைத்தால் பிற்காலத்தில் சந்தேகம் கிளப்புவது கடினம். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். கடைசி உயிலே செல்லும். கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். முஸ்லிம்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்

கம்பெனிகள் ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு தொழிலாளியையும் அழைத்து, "உன் நாமினி இன்னார், சரிதானா?" என்று கேட்டால் பாதி வழக்குகள் குறையும். கேட்கச் செய்வது தொழிற்சங்கங்களின் கடமை. போனசுக்குக் குரல் கொடுப்பவர்கள் இதற்கும் குரல் கொடுக்கலாம்.

தமிழ்ச் சங்கங்களுக்கும் பொறுப்பு உண்டு. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் மேடை போடும் சங்கங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு நாற்காலிகள் போட்டு, படிவம் நிரப்பத் தெரிந்த குமாஸ்தாக்களை உட்கார வைக்கட்டும். பி.எப். நியமனத்தை இப்போது கணினி மூலமே மாற்றலாம். கிராஜுவிட்டி படிவத்தைக் கொடுத்தால் ஆபீஸ் முத்திரையுடன் நகல் கேட்டு வாங்க வேண்டும். அந்த நகல் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அண்ணன் மீது பாசம் குறைந்ததால் பெயரை மாற்றுவதில்லை. பாசம் கோர்ட்டில் போய் முடியக்கூடாது என்பதற்காகவே மாற்றுகிறோம். நாளைக் காலை ஆபீசுக்குப் போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "என் காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது?"