பயானா வாங்கிய பிறகு

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, நெடுநாளைய அங்கத்தினரான அன்பர் ஒருவர் நம்மைத் தூணோரமாக அழைத்துச் சென்றார். இவ்வாண்டு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுகிறவர். மல்காஜ்கிரியில் உள்ள தமது அடுக்குமாடி வீட்டை விற்றுவிட்டுத் திருச்சியில் தமையனார் வீட்டருகே குடியேறுவதென்று தீர்மானித்திருக்கிறார். வாங்குவதற்கு ஓர் இளைஞரும் அகப்பட்டு, விலை பேசி முடித்து, பயானாவும் கொடுத்தாகிவிட்டது. நம்மூரில் அச்சாரம் என்பதற்கு இந்நகரத்தில் பயானா என்றுதான் பெயர். முப்பது ஆண்டு இங்கு வாழ்ந்த பின் நம்மவர் வாயிலும் அச்சாரம் போய்ப் பயானாவே நிலைத்துவிட்டது.

அன்பருக்கு ஒரு சங்கடம். இளைஞருக்கு வங்கிக் கடன் கிடைக்க ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகலாம். அதற்குள் தரகர் தினம் ஒருவரை அழைத்து வந்து வாசலில் நிறுத்துகிறார். "காட்டி வைப்பதில் என்ன நஷ்டம்? அவருக்குக் கடன் கிடைக்காவிட்டால் இன்னொருவர் தயாராக இருப்பாரே" என்பது தரகரின் வாதம். "காட்டலாமா, கூடாதா? நீர் பத்திரிகையில் எழுதுகிறவராயிற்றே, சொல்லும்" என்றார் அன்பர். அன்று மழுப்பிவிட்டு வந்தோம். அவரைப் போலவே ஊர் திரும்பும் எண்ணத்தில் வீட்டை விலைக்கு வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் இன்னும் சில உண்டென்று பிறகு தெரிந்தது. ஆகையால் இம்மாதம் இப்பக்கத்தில் இதையே எடுத்துக்கொண்டோம்.

நாம் வக்கீல் அல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திவிட்டு ரயில்வேயில் பேரேடு எழுதுகிறவர். ஆயினும் இவ்விஷயத்தில் பேச நமக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. காட்டி வைக்கப்பட்ட வீடு ஒன்றுக்கு முன்பு பயானா கொடுத்தவர் நாமே.

சில ஆண்டுகளுக்கு முன், சபில்குடா பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் காசோலையாகக் கொடுத்தோம். வீட்டுக்காரர் பெரியவர், தமிழர், மிக மரியாதையானவர். கோடு போட்ட காகிதத்தில் ரசீது எழுதிக் கையெழுத்திட்டார். கிரயம் எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று அவரும் எழுதவில்லை, நாமும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வேண்டுமென்று நம் இல்லாள் ஆசைப்பட்டதால் அங்கே போனோம். கூடத்தில் முன்பின் அறியாத ஒரு குடும்பமே உட்கார்ந்து மோர் அருந்திக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டுச் சிறுவன் படுக்கையறைக் கதவைத் திறந்து திறந்து மூடினான். நம் இல்லாள் அளவு நாடாவைக் கைப்பையிலிருந்து எடுக்கவேயில்லை.

"கோபித்துக்கொள்ளாதே தம்பி" என்றார் பெரியவர். "உனக்கு முன்னால் ஒருவர் பயானா கொடுத்துவிட்டு நான்கு மாதம் இழுத்தடித்தார். கடைசியில் கடன் கிடைக்கவில்லை என்று கையை விரித்துவிட்டார். சூடு கண்ட பூனை நான்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அன்று வீடு திரும்பிய பிறகு நம்மிடம் நேர்ந்த மாறுதலையும் சொல்ல வேண்டும். வளையல்களை அடகு வைக்கச் சம்மதித்திருந்த இல்லாள், "இப்போது வேண்டாம், பார்க்கலாம்" என்றாள். வங்கி கேட்ட சம்பளச் சீட்டுகளை நாமும் உடனே கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு நேரெட்மெட்டில் வேறொரு வீட்டைப் பார்க்கப் போனோம். அவர் நமக்குத் தெரியாமல் ஆள் தேடினார். நாம் அவருக்குத் தெரியாமல் வீடு தேடினோம். மூன்று வாரத்தில் பயானாவைத் திருப்பிக் கேட்டோம். இரண்டு தவணையில் கொடுத்தார். மோர் அருந்திய குடும்பம் அந்த வீட்டை வாங்கவில்லை. ஏழு மாதம் கழித்து, நாம் ஒப்புக்கொண்டதைவிடக் குறைந்த விலைக்கு அது கைமாறியதாகக் கேள்விப்பட்டோம். நாம் இன்றும் ரயில்வே குடியிருப்பில்தான் இருக்கிறோம்.

தரகரின் கணக்கில் விழாத நஷ்டம் இதுதான். வீட்டைக் காட்டிக்கொண்டே இருந்தால் இரண்டாவது ஆள் கிடைப்பார் என்பது சந்தேகம். முதல் ஆளின் ஊக்கம் குறையும் என்பது நிச்சயம். கடனுக்காக அலைகிறவருக்கு 'இது நம் வீடு' என்ற எண்ணம்தான் கால்களுக்குப் பலம்.

இனிச் சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம். 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54 ஆவது பிரிவின்படி, விற்பனை ஒப்பந்தம் மாத்திரமே வாங்குகிறவருக்கு அச்சொத்தில் எவ்வித பாத்தியதையையும் உண்டாக்குவதில்லை. இதைக் காதில் போட்டுக்கொண்டுதான் சிலர், "பத்திரம் பதிவாகும் வரை வீடு என்னுடையது, யாருக்கும் காட்டுவேன்" என்கிறார்கள். காட்டுவதைத் தடுக்கும் சட்டம் ஏதும் இல்லை என்பது மெய்யே. ஆனால் அடுத்த பிரிவையும் வாசிக்க வேண்டும். ஒழுங்காகக் கொடுத்த முன்பணத்துக்கு அச்சொத்தின் மேலேயே வாங்குகிறவருக்குப் பற்றுரிமை உண்டென்று 55 ஆவது பிரிவு கூறுகிறது. 1963 ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. வாக்குத் தவறிய விற்பவர் மீது வழக்குத் தொடுத்து, கிரயம் செய்துகொடுக்கும்படியே வாங்குகிறவர் உத்தரவு பெறலாம். 2018 இல் செய்த திருத்தத்துக்குப் பின், அவ்வுத்தரவைத் தருவதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் விருப்பம் என்ற பழைய நிலை மாறிவிட்டது. வழக்குத் தொடுக்க மூன்றாண்டு அவகாசமும் உண்டு.

அச்சட்டத்தின் 19 ஆவது பிரிவுதான் நம் அன்பருக்கு முக்கியமானது. முதல் ஒப்பந்தத்துக்குப் பின் சொத்தை வாங்கிய இரண்டாமவர் மீதும் அவ்வொப்பந்தத்தைச் செலுத்தலாம். விதிவிலக்கு ஒன்றே: அவர் உரிய விலை கொடுத்து, நல்லெண்ணத்தோடு, முதல் ஒப்பந்தத்தை அறியாமல் வாங்கியிருக்க வேண்டும். இதன் விளைவைச் சற்று யோசியுங்கள். வீடு பார்க்க வருகிறவரிடம் "ஏற்கெனவே பயானா வாங்கியிருக்கிறேன்" என்று உண்மையைச் சொன்னால், அவர் வாங்கினாலும் முதலாமவரின் வழக்கு அவரையும் துரத்தும்; விவரம் தெரிந்த எவரும் பெருந்தொகை கொடுக்க முன்வரமாட்டார். சொல்லாமல் மறைத்தாலோ, இரண்டாமவர் தப்பித்துக்கொள்வார், அகப்படுகிறவர் விற்றவர்தான். ஆக, உண்மை சொல்லிக் காட்டினால் பயன் குறைவு. பொய் சொல்லிக் காட்டினால் ஆபத்து அதிகம். தரகருக்கு இந்தப் பிரிவு தெரியாது என்று நாம் நினைக்கவில்லை.

வாங்குகிறவர் தூங்கிவிட்டால் விற்பவர் எத்தனை காலம் காத்துக் கிடப்பது என்ற கேள்வி எழும். இதற்கு நம் மதுரையிலிருந்தே ஒரு வழக்கு இருக்கிறது. வித்யானந்தம் எதிர் வைரவன் என்பது அதன் பெயர். 1978 டிசம்பரில் மதுரை நகர வீடொன்றை அறுபதாயிரம் ரூபாய்க்கு விற்க ஒப்பந்தமாயிற்று, முன்பணம் ஐயாயிரம், ஆறு மாதக் கெடு. வாங்க வந்தவர் கெடு கடந்தும், ஒப்பந்த நாளிலிருந்து இரண்டரை ஆண்டுக்கு மேல் வாளாவிருந்துவிட்டு, 1981 இல் நோட்டீஸ் அனுப்பினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1997 இல் அந்நீதிமன்றம் கிரயம் செய்துகொடுக்க உத்தரவிட மறுத்துவிட்டது. அசையாச் சொத்து ஒப்பந்தங்களில் காலக்கெடு உயிர்நாடி அன்று என்பது பழைய விதி. நகர வீடுகளின் விலை வேகமாக ஏறும் இந்நாளில் அதைத் தளர்த்திப் பார்க்க வேண்டும், கட்சிகள் எழுதிவைத்த கெடுவுக்கு அர்த்தம் கொடுக்க வேண்டும் என்பது நீதிபதிகளின் கருத்து. இதிலே நாம் கவனிக்க வேண்டியது அந்த ஆறு மாதக் கெடு. அது எழுத்தில் இருந்தபடியால்தான் வீட்டுக்காரருக்குப் பிடிமானம் கிடைத்தது. நம் பெரியவர் எழுதிய கோடு போட்ட காகிதத்தில் அப்படி ஒரு வரி இருந்திருந்தால், அவருக்கு மோர் செலவு மிச்சம்.

கெடு தவறினால் வாங்கிய பணம் முழுவதும் நமக்கே என்று எண்ணுவதும் தவறு. டில்லி அலிப்பூர் ரோடு பங்களா ஒன்றைப் பற்றிய பதே சந்த் வழக்கில், விற்றவர் இருபத்தையாயிரம் ரூபாயையும் பறிமுதல் செய்யப் பார்த்தார். அச்சாரமாகக் கொடுத்த ஆயிரத்தை வைத்துக்கொள்ளலாம், விலையின் பகுதியாகப் பெற்ற இருபத்து நாலாயிரத்தை அப்படி விழுங்க முடியாது என்று 1963 இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வெளிநாடுகளில் வழக்கம் பலவிதம். இங்கிலாந்தில் விலையை ஒப்புக்கொண்ட பின்னும், ஒப்பந்தப் பத்திரங்களைப் பரிமாறிக்கொள்ளும் வரை இரு தரப்பும் விலகலாம். நடுவில் அதிக விலைக்காரர் வந்து முதலாமவரைத் தள்ளிவிடுவதற்குக் 'கஸம்பிங்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் முதல் மனுவை ஏற்ற பிறகும் மாற்று மனுக்களை வாங்கி வைப்பதுண்டு. ஆனால் வீடு ஒருவருக்குப் பேசியாகிவிட்டது என்பதை வந்தவர் அறிந்தே கொடுக்கிறார். பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1590 ஆவது விதி நமக்குப் பிடித்தமானது. அச்சாரம் கொடுத்தவர் பின்வாங்கினால் அதை இழப்பார். வாங்கியவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தருவார்.

அமெரிக்கர் வழக்கம் நமக்கொன்றும் புதிதல்ல. ரயில்வேயில் காத்திருப்போர் பட்டியல் என்று வைத்திருக்கிறோம் அல்லவா? சீட்டிலேயே அது எழுதியிருக்கும். வாங்குகிறவருக்குத் தம் நிலை தெரியும். ஒரே பக்கவாட்டுப் படுக்கையில் இருவரை உட்கார வைப்பதும் உண்டு. அதையும் சொல்லித்தான் செய்கிறோம். உறுதியான படுக்கை என்று ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அதையே இன்னொருவருக்குத் தடவிப் பார்க்கக் காட்டும் குமாஸ்தாவை இலாகா வைத்துக்கொள்ளாது.

ஆகவே அன்பருக்கு நம் அபிப்பிராயம் இது. பயானா கைக்கு வரும் வரை தாராளமாகக் காட்டலாம். "ஞாயிற்றுக்கிழமைக்குள் பயானா கொண்டுவாருங்கள், அதுவரை வருகிறவர்களுக்குக் காட்டுவேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம். வாங்கிய பிறகு கதவைச் சாத்துங்கள். கைப்பேசியில் பரவியிருக்கும் விளம்பரப் படங்களையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். தாமாக விசாரித்து வருகிறவரின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்வதில் பிழையில்லை. ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். கடன் கிடைக்குமோ என்ற பயத்துக்கு மருந்து இரண்டாம் ஆள் அல்ல, தேதி. நாற்பத்தைந்து நாளோ அறுபது நாளோ, இன்ன தேதிக்குள் கிரயம், கடன் மறுக்கப்பட்டால் பயானா இத்தனை நாளில் திரும்பும், வீணாய் இழுத்தால் இவ்வளவு பிடித்தம் என்று தெளிவாக எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அதைப் பதிவும் செய்துகொள்வது நலம். இப்பகுதியில் 1999 திருத்தத்தின்படி விற்பனை உடன்படிக்கையும் பதிவு செய்ய வேண்டிய பத்திரங்களில் ஒன்று. தமிழ்நாட்டில் 2012 முதல் அப்படியே. பதிவானால் வில்லங்கச் சான்றில் ஏறும்; பிறகு 'எனக்குத் தெரியாது' என்று எவரும் சொல்ல இயலாது. இன்னொன்று: 2015 முதல் இருபதாயிரமும் அதற்கு மேலும் முன்பணத்தை ரொக்கமாக வாங்கக் கூடாது. காசோலையோ வங்கி மாற்றமோதான்.

இவ்வளவையும் சென்ற வாரம் அன்பர் வீட்டிலேயே உட்கார்ந்து சொன்னோம். இளைஞரையும் வரவழைத்தார். நாற்பத்தைந்து நாள் என்று தேதி போட்டு எழுதிக்கொண்டார்கள். பேச்சு முடிந்ததும் இளைஞரின் மனைவி தயங்கித் தயங்கி, சமையலறை அலமாரியின் அகலத்தை அளந்துகொள்ளலாமா என்று கேட்டாள். அன்பரின் மனைவியே நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். தரகர் மட்டும் மறுநாள் காலையில் ஒரு தம்பதியோடு வந்து மணியை அடித்தாராம். அன்பர் வெளியே வந்து, கதவைத் தமக்குப் பின்னால் சாத்திக்கொண்டே பேசி அனுப்பினாராம்.