கர்ப்பப்பைக்கு விலை உண்டு, நுரையீரலுக்கு இல்லை

விருத்தாசலத்தில் நான் வளர்ந்த தெருவில் எந்தப் பெண்ணின் சேலையை உதறினாலும் வெள்ளைத் தூள் பறக்கும். எல்லாருக்கும் செராமிக் வேலை. ஆண்கள் மண் அரைக்கும் இயந்திரத்திலும் சூளையிலும் நிற்பார்கள். பெண்கள் அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மையின், விளக்கின் பிசிறைச் சுரண்டுவார்கள். என் அம்மா பதினெட்டு வருடம் அதைச் செய்தார். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. மூக்கையும் வாயையும் முந்தானையால் கட்டிக்கொள்வார். பீங்கான் கலவையில் சேரும் குவார்ட்ஸ் பொடியை முந்தானை தடுக்காது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நாற்பது வயதில் அம்மாவுக்கு இரண்டு தொந்தரவுகள் இருந்தன. விடாத இருமல் ஒன்று, மாதவிலக்கில் அதிக உதிரப்போக்கு மற்றொன்று. பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். முகப்பில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "கார்டு இருக்கா?" என்பதுதான். காப்பீட்டு அட்டையைக் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. "கர்ப்பப்பையை எடுத்துடலாம்மா. கார்டுலயே முடிஞ்சிடும், நீங்க ஒரு பைசா கட்ட வேணாம்."

அம்மா கேட்டார்: "அப்போ இருமலுக்கு?"

"அது ஓ.பி.ம்மா. அதுக்குக் கார்டு செல்லாது."

கர்ப்பப்பை போனது. இருமல் வீட்டுக்கு வந்தது. அடுத்த நான்கு வருடம் எக்ஸ்ரே, மருந்து, பேருந்துக் கட்டணம் எல்லாம் கைக்காசு. தோடு அடகுக்குப் போனது. கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையில் வயதான மருத்துவர் ஒருவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்: "நீங்க என்னம்மா வேலை செய்யறீங்க?" சிலிக்கோசிஸ் என்றார். தூசு நுரையீரலைத் தழும்பாக்கும் நோய். வந்தால் திரும்பாது. வராமல் தடுக்க மட்டுமே முடியும்.

இது என் அம்மாவின் துரதிர்ஷ்டம் என்று நான் பல வருடம் நினைத்திருந்தேன். இல்லை. காப்பீடு என்ற ஏற்பாடு இப்படித்தான் வேலை செய்யும். அறுவைக்கு இவ்வளவு என்று அது ஒரு விலைப்பட்டியல் வைத்திருக்கிறது. பட்டியலில் இருப்பது நடக்கும், இல்லாதது நடக்காது. கர்ப்பப்பை நீக்கம் பட்டியலில் உண்டு. உதிரப்போக்கை மாத்திரையால் நிறுத்திப் பார்க்கும் ஆறு மாதப் பொறுமைக்கு அதில் இடமில்லை.

பீகாரிலும் சத்தீஸ்கரிலும் இதே கதை ஆயிரக்கணக்கான உடல்களில் நடந்தது. 2008இல் தொடங்கிய ராஷ்ட்ரிய ஸ்வஸ்திய பீமா யோஜனாவில் குடும்பத்துக்கு வருடம் 30,000 ரூபாய். அந்தப் பணத்தை எடுக்கத் தனியார் மருத்துவமனைகள் இளம் பெண்களின் கர்ப்பப்பைகளைத் தேவையின்றி அகற்றியதாக 2012இல் வெளிவந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பெண்கள். மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில், இதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2023 ஏப்ரலில். பதினோரு வருடம் கழித்து.

"காப்பீடு வந்த பிறகுதானே ஏழைக்கு இதய அறுவை நடந்தது?" என்று கேட்பீர்கள். நடந்தது. மறுக்கவில்லை. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018இல் அதோடு இணைந்த ஒன்றிய அரசின் திட்டம், இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்று வளர்ந்த இந்த ஏற்பாட்டால் பிழைத்தவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். சில ஸ்கேன்களுக்கும் அதில் இடமுண்டு. ஆனால் அடிப்படையில் அது படுக்கையில் சேர்ந்தவர்களுக்கான திட்டம். நம்மை ஓட்டாண்டியாக்குவதோ பெரும்பாலும் வெளிநோயாளிச் செலவும் மருந்துச் செலவும்தான். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகை. எந்தப் படுக்கையில் சேர்த்து, எந்த அறுவையால் இதைச் சரிசெய்வீர்கள்?

அட்டையே குடும்பத்தின் பெயரில் இருக்கிறது. குடும்பம் என்றால் ரேஷன் அட்டையில் உள்ள பெயர்கள். கணவனை விட்டு வந்தவளின் பெயர் மாமியார் வீட்டு அட்டையிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். உதைத்தவனிடமே போய் அட்டையைக் கேட்டு வாங்கித்தான் அவள் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சந்தைக் காப்பீட்டின் கதை இன்னும் மோசம். அமெரிக்காவில் 2010இல் ஒபாமா அரசு கொண்டுவந்த சட்டத்தின் தடை நடைமுறைக்கு வரும்வரை, தனிநபர் காப்பீட்டில் பெண்ணிடம் ஆணைவிட அதிக பிரீமியம் வாங்குவது பெரும்பாலான மாநிலங்களில் சட்டப்படி சரி. முன்பு சிசேரியன் ஆனதைக் காட்டி மறுத்த நிறுவனங்களும் இருந்தன. நம் ஊரில் மகப்பேறுக்கு வருடக்கணக்கில் காத்திருப்புக் காலம் வைக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இல்லை என்றதும் பெரிய சீர்திருத்தம் என்று கொண்டாடினார்கள். பாலிசி வாங்க வக்குள்ளவர்களுக்குச் சலுகை, சரி. பிசிறு சுரண்டுகிற பெண்ணுக்கு அதில் என்ன இருக்கிறது?

சீர்திருத்தம் என்றால் நான் கேட்பது வேறு. அதற்கான சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 1948இன் சட்டத்தில் தொடங்கிய இ.எஸ்.ஐ. ஏற்பாடு வெளிநோயாளி சிகிச்சை தருகிறது, நோயில் கிடக்கும் நாளுக்கு ஊதியத்தில் ஒரு பங்கு தருகிறது, 26 வார மகப்பேறு ஊதியம் தருகிறது, தொழில் நோயைத் தொழில் நோய் என்று ஒப்புக்கொண்டு இழப்பீடு தருகிறது. என் அம்மாவுக்கு ஏன் கிடைக்கவில்லை? பத்துப் பேர் வேலை செய்தால்தான் இ.எஸ்.ஐ. கூடத்தில் எப்போதும் ஒன்பது பேர்தான் இருப்பார்கள், கணக்கில். பத்தாவது ஆள், பதினைந்தாவது ஆள் எல்லாம் உருப்படிக்குக் கூலி வாங்கும் பெண்கள். கணக்கில் வராதவர்கள்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பை நான் பல காரணங்களுக்காக எதிர்க்கிறேன். ஆனால் அதில் ஒரு வழி இருக்கிறது. ஆபத்தான தொழில் என்றால், ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் அந்த இடத்துக்கு இ.எஸ்.ஐ.யை நீட்டி ஒன்றிய அரசு அறிவிக்கை வெளியிடலாம். பீங்கான் ஆபத்தான தொழிலா? தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் சேர்த்த ஆபத்துத் தொழில்களின் அட்டவணையில் கண்ணாடியும் பீங்கானும் இருந்தன. அரசே எழுதி வைத்ததுதான். அதை இ.எஸ்.ஐ. அறிவிக்கையிலும் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் கேட்கிறேன். விருத்தாசலத்தின் ஒவ்வொரு செராமிக் கூடத்துக்கும், வீட்டில் உட்கார்ந்து பொம்மை துடைக்கும் பெண்ணுக்கும் இ.எஸ்.ஐ. வேண்டும். கூடத்துத் தூசை அளக்க ஆள் வர வேண்டும். ஆண்டுக்கொரு முறை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பெண்ணுக்கு அவள் பெயரிலேயே அட்டை வேண்டும். தனியார் மருத்துவமனைக்குப் போகிற காப்பீட்டுப் பணம் அரசு மருத்துவமனைக்கு மருத்துவராக, செவிலியராக வர வேண்டும். காப்பீட்டில் நடக்கும் ஒவ்வொரு கர்ப்பப்பை நீக்கத்துக்கும் காரணத்தை எழுதி வைத்து, அதை வெளியார் தணிக்கை செய்ய வேண்டும். பணமில்லை என்று சொல்லாதீர்கள். தாய்லாந்து 2002இல் வரிப்பணத்தைக் கொண்டே வெளிநோயாளி சிகிச்சையையும் சேர்த்து எல்லோருக்கும் கொடுக்கத் தொடங்கியபோது அது பணக்கார நாடல்ல.

அம்மா இப்போது இரண்டு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். நவராத்திரிக்கு முன்பு பேட்டைப் பக்கம் போனால் பொம்மைகள் வரிசையாகக் காய்கின்றன. பிசிறு சுரண்டுகிறவர்களில் என்னோடு பள்ளியில் படித்தவர்கள் இருக்கிறார்கள். போன மாதம் அவர்களில் ஒருத்தி இருமிக்கொண்டே சொன்னாள்: "கார்டு எடுத்துட்டேன்டி."

அவளை மருத்துவமனையில் முதலில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். நீ என்ன வேலை செய்கிறாய் என்று முதலில் கேட்கிற ஒரு மருத்துவமனையைத்தான் நான் கேட்கிறேன்.