சாயக் கழிவுக்கு யார் விலை வைப்பது?

மழைக்காலந்தோறும் நொய்யலில் நுரை பொங்கும் படங்கள் நாளிதழ்களில் வெளியாகின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர் மாதிரி எடுக்கிறது. சில சாய, சலவை ஆலைகளின் மின் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. பிறகு இணைப்பு திரும்புகிறது. மூடுவது அல்லது விட்டுவிடுவது என்ற இரண்டைத் தவிர வேறு வழியே இல்லாததுபோல் இந்தச் சுழற்சி தொடர்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. ஆலை வெளியேற்றும் மாசுக்கு ஏற்ப உள்ளூர் நிர்வாகமே கட்டணம் விதிப்பது.

மாசுக்கு விலை வைக்க இந்தியா முயலவே இல்லை என்று சொல்ல முடியாது. 1977-இல் நாடாளுமன்றம் தண்ணீர்த் தீர்வைச் சட்டத்தை இயற்றியது. எளிதில் மக்காத, நச்சுத்தன்மையுள்ள கழிவை உண்டாக்கும் ஆலைக்கு 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகும் உச்ச விகிதம் 1,000 லிட்டருக்கு 30 பைசாதான். அதுவும் ஆலை பயன்படுத்தும் நீரின் அளவுக்கே விதிக்கப்பட்டது. வெளியேற்றும் மாசின் அளவுக்கு அல்ல. 2017-இல் சரக்கு-சேவை வரி வந்தபோது இந்தத் தீர்வை ஒழிக்கப்பட்டது. அதற்காகக் கண்ணீர் விட்டவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

இதனோடு வேறொரு தொகையை ஒப்பிடலாம். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் திருப்பூர் சாய ஆலைகளுக்குத் தண்டம் விதித்தது. வெளியேற்றும் கழிவு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அது படிப்படியாக உயரும். 6 பைசா என்றாலே 1,000 லிட்டருக்கு 60 ரூபாய். தீர்வையின் உச்ச விகிதத்தைப்போல் 200 மடங்கு. ஒரே மாசுக்கு நாடாளுமன்றம் ஒரு விலையும் நீதிமன்றம் 200 மடங்கு விலையும் வைத்தன என்றால், சுத்திகரிப்புக்கு ஆகும் உண்மையான செலவைக் கணக்கிட்டு விலை வைக்கும் பொறுப்பு எவரிடமும் இருக்கவில்லை என்றே பொருள். தண்டமும் போதவில்லை. 2011 ஜனவரியில் அதே நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது.

இந்தக் கதையில் உள்ளாட்சி அமைப்பு எங்கே? 1977 சட்டத்தில் அது தீர்வை செலுத்துவோர் பட்டியலில், ஆலைகளுக்குப் பக்கத்தில் நின்றது. விலை வைப்போர் வரிசையில் அதற்கு இடமில்லை. இன்றும் நம் நகராட்சிகளின் பாதாளச் சாக்கடைக் கட்டணம் பெரும்பாலும் கட்டடத்தின் வகையையோ பரப்பளவையோ சொத்து வரியையோ ஒட்டியே அமைகிறது. குழாயில் என்ன வருகிறது என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை.

கேட்டாலும் எப்படிக் கேட்பது என்பது முக்கியம். தினமும் 100 கிலோலிட்டர் கழிவுநீரை, லிட்டருக்கு 500 மில்லிகிராம் மாசோடு விடும் ஆலை 50 கிலோ மாசை வெளியேற்றுகிறது. 50 கிலோலிட்டரை 2,000 மில்லிகிராம் செறிவில் விடும் ஆலை வெளியேற்றுவதோ 100 கிலோ. நீரின் அளவை மட்டும் பார்த்துக் கட்டணம் விதித்தால், பாதி மாசை விடும் முதல் ஆலை இருமடங்கு செலுத்த நேரிடும். மாறாக, வாரியத்தின் வரம்புகளைப்போல் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று செறிவை மட்டும் பார்த்தால், நல்ல தண்ணீரைக் கலந்து நீர்க்கச் செய்யும் தந்திரத்துக்கு வழி பிறக்கும். அளவையும் செறிவையும் பெருக்கி வரும் மாசுச் சுமைக்கே கட்டணம் விதித்தால்தான் இரண்டு வாசல்களும் அடைபடும்.

இங்கிலாந்தில் மேற்கு லண்டனின் மாக்டன் சுத்திகரிப்பு நிலையத்தின் பெயரால் வழங்கும் சூத்திரம் இப்படிப்பட்டதே. கழிவுநீரைக் கொண்டுசெல்லும் செலவு, உயிரியல் முறையில் சுத்திகரிக்கும் செலவு, கசடை அகற்றும் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே கணக்கிட்டு, ஆலையின் கழிவு எவ்வளவு அடர்த்தியானதோ அதற்கேற்ப அது வசூலிக்கிறது. நெதர்லாந்தில் தேர்தல் மூலம் அமையும் நீர் வாரியங்கள் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாசு அலகுக்கு இவ்வளவு என்று வசூலிக்கத் தொடங்கின. சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப் பணம் திரட்டுவதே அதன் முதல் நோக்கம். ஆனால் கட்டணம் முழுச் செலவையும் ஈடுகட்டும் அளவுக்கு உயர்ந்தபோது, அதைச் செலுத்துவதைவிடக் கழிவைக் குறைப்பதே மலிவு என்று ஆலைகள் கண்டுகொண்டன.

ஒவ்வொரு சிறு ஆலையையும் யார் அளப்பது என்பது நியாயமான கேள்வி. டச்சு முறையில் பெரிய ஆலைகளில் நேரடி அளவீடு. நடுத்தர ஆலைகளுக்குத் தொழில்வகையும் நீர்ப் பயன்பாடும் கொண்ட அட்டவணை. குடும்பங்களுக்கு 3 அலகு, தனியாக வாழ்வோருக்கு 1 அலகு என்று நிலையான கணக்கு. அட்டவணை தனக்கு அநீதி செய்கிறது என்று கருதும் ஆலை அளவீட்டைக் கேட்கலாம். திருப்பூரின் 'ஜாப் ஒர்க்' சாயப்பட்டறைகளுக்கு ஏறத்தாழப் பொருந்தக்கூடிய முறைதான் இது.

எனினும் கட்டணத்துக்கு எல்லை உண்டு. துணியில் சாயம் ஏற்ற உப்பு தேவை. கரைந்த உப்பை வழக்கமான உயிரியல் சுத்திகரிப்பு அகற்றாது. 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பயன்படாமல் சாயக் கழிவின் தேக்கமானதற்கு இதுவும் காரணம். பணம் கட்டிவிட்டு உப்பை ஆற்றில் விட எவருக்கும் உரிமை தரக்கூடாது. அதற்குத் தடையே பொருத்தம். நகரின் சுத்திகரிப்பு நிலையம் உண்மையிலேயே கையாளக்கூடிய கழிவுக்குத்தான் கட்டணம்.

உள்ளாட்சியிடம் இந்த அதிகாரத்தைத் தருவதிலும் ஆபத்து இருக்கிறது. ஆலை உரிமையாளரே மாமன்ற உறுப்பினராகவும் இருக்கும் ஊரில் விகிதம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே குறைந்தபட்ச விகிதத்தை மாநில அரசு நிர்ணயித்து, அதற்கு மேல் உயர்த்தும் உரிமையை மட்டும் உள்ளாட்சிக்கு விடலாம்.

தொடங்குவதற்குச் சென்னை ஏற்ற இடம். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் குடிநீர் வாரியம் விற்கிறது. சாக்கடையில் கள்ளத்தனமாகக் கலக்கும் ஆலைக் கழிவு அதன் சவ்வூடு வடிகட்டிகளைப் பாழாக்கும். எனவே மாசை அளந்து வசூலிப்பதில் வாரியத்துக்கே ஆதாயம் இருக்கிறது.

வசூலாகும் பணம் எங்கே போகும் என்பதையும் தொடக்கத்திலேயே சட்டத்தில் எழுதிவிட வேண்டும். பழைய தீர்வை இந்தியத் தொகுப்பு நிதியில் சேர்ந்து, அங்கிருந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்குத் திரும்பியது. வாரியங்களின் நிதியைப் பெருக்குவதே அந்தச் சட்டத்தின் நோக்கமாக அறிவிக்கப்பட்டிருந்தது. கிணறு கெட்டுப்போன நொய்யல் கரை விவசாயிக்கு அதில் ஒரு பைசாவும் எழுதப்படவில்லை.